ஆட்டு லோடுக்கு நிழல்கூடக் கிடையாதா?

ஆட்டு லோடு ஏற்றிய லாரியை நிழலில் ஓரங்கட்டினால் போதும், யாராவது வந்து "நாத்தம் குடலைப் புடுங்குது, வண்டியை எடுப்பா" என்று விரட்டுகிறார்கள். டீக்கடையிலும் இதே, பெட்ரோல் பங்க்கிலும் இதே.

சாயல்குடியிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து பாருங்கள். எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேலம்தான். ஒரு லாரிக்குக் காணும் நிழல் அதில் ஏது? அபூர்வமாக ஒரு வேப்பமரமோ புளியமரமோ இருந்தால் அதன் கீழே ஒரு கடை. நான் என்ன தூங்கவா நிறுத்துகிறேன்? உச்சி வெயிலில் ஆடுகள் வாயைப் பிளந்து இளைக்கும். களைத்துப்போய் ஒன்று உட்கார்ந்துவிட்டால் மற்றவை அதன்மேல் ஏறி மிதிக்கும். பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, விலாவோடு அணைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். ஓடுகிற வண்டியில் அதைச் செய்ய முடியுமா?

தண்ணீர் தரத் தயங்குவதுகூடப் புரிகிறது. கடலோரத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு, நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். சரி, நிழலுக்கு என்ன விலை? 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கித்தான் ஏற்றுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கிறவர்கள், அந்த ஆட்டுக்கு அரை மணி நேரம் நிழல் விட்டால் என்ன?