ஒரே ஒரு கிணற்றை அளந்துவிட்டு ஊருக்கே தண்ணீர்க் கணக்கு எழுதாதீர்கள்

மேலூர் பக்கத்துக் குவாரியின் அந்த வரைபடத்தை நேற்றிலிருந்து எத்தனை பேர்தான் அனுப்புவீர்கள்? மழைக்கு ஒரு கோடு, கிணற்று நீர்மட்டத்துக்கு ஒரு கோடு. இரண்டும் சேர்ந்து ஏறுகிறதாம், அதனால் குவாரியால் நிலத்தடி நீருக்குப் பாதிப்பே இல்லையாம். பார்த்ததும் வயிறு எரிந்தது.

அந்த மழைக் கணக்கு மதுரை விமான நிலையத்தில் எடுத்தது. நடுவே மதுரை நகரமே கிடக்கிறது. விமான நிலையத்துப் பக்கம் அவனியாபுரத்தில் கொட்டும் கோடை மழை மேலூரில் தூறக்கூட வேண்டியதில்லை. மழைமானி குவாரி வளாகத்திலேயே இருக்க வேண்டும். ஆபீஸ் கூரையில் வைக்கக் கூடாது. கல் குவியல், மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 20 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. மழை, வேறு மானியின் அளவுக் குடுவையை மாற்றி வைத்தால் கணக்கு மொத்தமும் போச்சு. தானியங்கி மானி என்றால் கல் தூசி புனலை அடைக்கும். மழை நாளில் பூஜ்யம் காட்டிவிட்டு, மறுநாள் வெயிலில் சொட்டுச் சொட்டாக மழை காட்டும்.

அந்தக் கிணறு எங்கே இருக்கிறது? கண்மாய்க்குக் கீழே. ஒருபோகச் சாகுபடிக்குப் பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டால் மழையே இல்லாமல் அது ஏறும். அதையும் ஒரே ஒரு கிணற்றில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறார்கள்! நம்முடையது பாறை பூமி. வெடிப்பு உள்ள இடத்தில்தான் தண்ணீர். ஒரு போர்வெல்லில் தண்ணீர் பீறிடும், ஐம்பதடி தள்ளிப் போட்டால் வெறும் புழுதி. மேட்டில் ஒன்று, குழியை ஒட்டி ஒன்று, சரிவில் இரண்டு, குவாரியும் கால்வாயும் தொடாத இடத்தில் ஒன்று என்றாவது கண்காணிப்புக் கிணறுகள் வேண்டாமா? மோட்டாரை நிறுத்திய உடனே அளந்தாலும் தப்பு. ஊறி மட்டம் அசையாமல் நின்ற பிறகே அளக்க வேண்டும். குழாய் விளிம்பில் பெயிண்ட் குறி வைத்து எப்போதும் அங்கிருந்தே அளந்து, தரைக்கு மேல் நீட்டியிருக்கும் உயரத்தைக் கழிக்க வேண்டும்.

“மட்டம் 1 மீட்டர் ஏறியது உண்மைதானே?” என்கிறீர்கள். உண்மைதான். சிதைந்த பாறை தன் கன அளவில் 1.5 சதவீதம்தான் தண்ணீர் கொடுக்கும் என்று வைத்தால், 15 மி.மீ. தண்ணீர் உள்ளே இறங்கினாலே 1 மீட்டர் ஏறிவிடும். அவ்வளவு கொஞ்சத் தண்ணீர் அது. இறைக்க ஆரம்பித்தால் அதே வேகத்தில் இறங்கும்.

“இவ்வளவு கிணறு போட்டால் செலவு” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

குழியில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடுகிறார்களே, அந்தக் குழாயில் மீட்டர் எங்கே? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இறைத்தார்கள், எத்தனை லிட்டர் போனது, வரைபடத்தில் ஒரு கோடாவது இருக்கிறதா? கிணறு வற்றிப்போச்சு, வாளிக் கயிற்றில் இன்னும் பத்தடி சேர்த்துக் கட்டி இறக்குகிறேன் என்று மனு கொடுத்த பெரியவரிடம் மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள். அந்தக் கயிறும் ஒரு அளவுதான் ஐயா. அதையாவது எழுதி வையுங்கள்.