தெர்மாகோல் மேல் நேராக ஸ்ப்ரே வேண்டாம்

மேசையில் குட்டிப் படைவீரர் பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்குத் தெர்மாகோலில் குட்டி வீடு செய்து பெயின்ட் அடிப்பது பற்றித்தான் பேச்சு. “தள்ளிப் பிடித்து அடித்தால் தெர்மாகோல் வீட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் ஒன்றும் செய்யாது” என்று ஒரு தம்பி சொன்னது தவறுங்க. அந்த டப்பாவில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலையே கரைத்துவிடும். தள்ளிப் பிடித்தால் சேதம் குறையலாம், நிற்காது. ஜன்னல் வெட்டிய விளிம்புகள்தான் முதலில் குழி விழும்.

முதலில் ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் கலந்து, ஒரு பொட்டு வெள்ளைகூடத் தெரியாமல் இரண்டு கோட் பூசுங்க. போர் விளையாட்டு மேசையில் கைபடும் பொருள், பூச்சு கெட்டியாக இருக்கணும். பொள்ளாச்சிப் பக்கத்து ஓட்டு வீடு என்றால், ஓட்டு இடுக்குகளில் தண்ணியாகக் கரைத்த அடர் பழுப்பை ஓடவிடுங்க. அது காய்ந்ததும் பிரஷ்ஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, வெளிர் செங்கல் நிறத்தை மேடுகளில் மட்டும் லேசாகத் தேயுங்க. அப்புறம் சுவரடியில் கொஞ்சம் செம்மண் நிறம். பெட்டியில் வரும் கெட்டிப் பிளாஸ்டிக் வீடுகளுக்கு ஸ்ப்ரே பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கலாம், அது வேறு.