போன் இல்லாத இரண்டு வாரம்

போன ஜூலையில் மகளைப் பென்சில்வேனியாவின் போக்கனோஸ் மலைப் பக்கம் ஒரு கோடை முகாமில் இரண்டு வாரத்துக்கு விட்டுவிட்டு வந்தோம். பத்து வயது. போன், டேப்லட் எதுவும் கொண்டுபோகக் கூடாது.

சேதி கேட்டதும் கும்பகோணத்திலிருந்து அம்மா, "ஏண்டா, ஒத்தப் புள்ளைய காட்டுல விட்டுட்டு வந்திருக்கே. ஒரு வீடியோ கால்கூட கிடையாதா?" என்றார். அமெரிக்காவில் இது பழைய வழக்கம், 1861-லேயே கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் கன் என்ற ஆசிரியர் தன் மாணவர்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் கடலோரம் கூடாரம் போட்டார் என்று விளக்கினேன். "அவரு வாத்தியாரு, கூடவே இருந்தாரு. நீ?" அதற்கு மேல் நான் பேசவில்லை.

போன் தராததில் எனக்குச் சம்மதம்தான். கையில் போன் இருந்தால் கொசு கடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாள். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் மருந்து கேட்க வேண்டிய அவசியமே வராது. என் பிரச்சினை வேறு. பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள், பெற்றோர் கையில் மட்டும் ஒரு பொம்மையைக் கொடுத்துவிடுகிறார்கள். தினமும் இரவு இணையத்தில் நூற்றுக்கணக்கில் படங்கள் ஏறும். சில முகாம்களில் முகத்தை அடையாளம் கண்டு நம் பிள்ளை இருக்கும் படத்தைத் தனியாக அனுப்பும் வசதிகூட உண்டு. நான் பன்னிரண்டு மணி வரை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தேன். ஏன் ஓரமாக நிற்கிறாள்? மூன்று நாளாக ஏன் அதே டி-ஷர்ட்? மனைவி எட்டிப் பார்த்து, "சிரிக்கிறாளா? சரி, படுங்க" என்பாள்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, மனைவிக்குத் தெரியாமல் மகள் காதில், "பிடிக்கலைன்னா சொல்லும்மா, அப்பா வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லி வைத்தேன். இந்த வாக்குறுதியைத்தான் கொடுக்கவே கூடாதாம். வீட்டு ஏக்கம் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. உன்னால் முடியாது என்று அப்பாவே நினைக்கிறார் என்றுதான் குழந்தை அதை எடுத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன்.

புதன்கிழமை கடிதம் வந்தது. "அப்பா, நீங்க சொன்னீங்கல்ல. வாங்க." ஞாயிறு இரவு எழுதியது. நான் கார் சாவியைத் தேட, அது மனைவி கையில் இருந்தது. முதலில் போன் செய்யுங்கள் என்றாள். செய்தேன். உங்கள் பெண் ஏரியில் இருக்கிறாள், படகை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள் என்றார்கள். தபால் வந்து சேர்ந்த மூன்று நாளில் அந்த அழுகை எப்போதோ முடிந்திருந்தது. ஞாயிறு இரவு அவளிடம் போன் இருந்திருந்தால் திங்கள் காலை வீட்டில் இருந்திருப்பாள்.

அன்றிலிருந்து படம் பார்ப்பதை விட்டு எழுத உட்கார்ந்தேன். நாம் மின்னஞ்சல் அனுப்பினால் அச்செடுத்துக் கொடுப்பார்கள். தமிழில் அனுப்பினேன். அது வெறும் கட்டம் கட்டமாக அச்சாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. சரி, கையாலேயே எழுதலாம். என்ன எழுதுவது? நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று தொடங்கிக் கிழித்துப் போட்டேன். ஆறாம் வகுப்பில் என்னைத் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்த்தபோது அம்மா எழுதிய இன்லேண்டு கடிதங்கள் ஞாபகம் வந்தன. மாடு கன்று போட்டது, மாமா வீட்டில் சண்டை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஏக்கம் என்று ஒரு வரி இருக்காது. ஆனால் படித்து முடிக்கும்போது நான் கொல்லையில் நின்றுகொண்டிருப்பேன்.

நானும் அப்படியே எழுதினேன். தோட்டத்துத் தக்காளியை அணில் ஒரு கடி கடித்து அப்படியே போட்டுவிட்டுப் போனது, அதைத் துரத்தப் போய் நான் குழாயில் தடுக்கி விழுந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மாணவி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் பெரிய பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும்.

அழைத்து வரப் போன அன்று என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தோழிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். காரில் ஏறி, நெடுஞ்சாலை 80-ஐப் பிடிக்கும் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் பின்சீட்டிலிருந்து கேட்டாள்:

"அப்பா, அந்த அணில் மறுபடி வந்துச்சா?"