மாமனார் முன்னாடி கிக்கர்

(மாப்பிள்ளை செகண்ட் ஹேண்ட்ல புடிச்ச பழைய யமஹா எஸ்ஆர் 500, செல்ஃப் ஸ்டார்ட் பட்டன் எங்கன்னு தேடாதீங்க, கம்பெனியே வைக்கல. மாப்பிள்ளை சட்டை முழுக்க வேர்வை. மாமனார் அந்தக் காலத்துல ஒத்த சிலிண்டர் வண்டி நிறைய ஓட்டினவரு, அதை அவரே எல்லார்கிட்டயும் சொல்லிடுவாரு.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, வண்டி மேல ஏறி நின்னு பாத்துட்டு இருக்கீங்க, யாராவது வர்றாங்களா?

மாப்பிள்ளை: இல்ல மாமா, கிக்கர் மேலதான் நிக்கிறேன், எறங்க மாட்டேங்குது.

மாமனார்: யாரு, நீங்களா கிக்கரா?

மாப்பிள்ளை: கிக்கர்தான் மாமா. இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு போல.

மாமனார்: ஜாமெல்லாம் ஒண்ணும் இல்ல, பிஸ்டன் கம்ப்ரஷன்ல போய் நிக்குது. 499 சிசி மொத்தமும் ஒரே சிலிண்டர்ல, கம்ப்ரஷன் ரேஷியோ ஒன்பதுக்கு ஒண்ணு, உள்ள இருக்குற காத்தை சுமார் 62 சிசி இடத்துல கொண்டுபோய் அமுக்கணும், சும்மா ஏறி நின்னா அமுங்கிடுமா? ஆமா, என்ன வெயிட் இருப்பீங்க?

மாப்பிள்ளை: கல்யாணத்தப்ப அறுபத்தி மூணு. இப்ப வீட்ல சமையல் நான்தான், அதுல கொஞ்சம் எறங்கிட்டேன்.

மாமனார்: (தொண்டையைச் செருமிக்கிட்டு) அதை விடுங்க. வெயிட்டுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. கிளட்ச்சுக்குக் கீழ குட்டியா ஒரு லீவர் இருக்கே, அது என்னன்னு தெரியுமா?

மாப்பிள்ளை: ஸ்பேர் கிளட்ச்சுன்னு நெனச்சேன்.

மாமனார்: (கொஞ்ச நேரம் வானத்தைப் பார்க்கிறார்) அது டீகம்ப்ரஸர் மாப்பிள்ளை. புடிச்சா புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வை லேசா தூக்கிக் குடுக்கும், அமுங்குன காத்து சைலன்சர் வழியா போயிடும், கிக்கர் லேசாயிடும். இப்ப அதைத் தொடாம மெதுவா அமுக்குங்க, கெட்டியா வந்து நிக்குதா?

மாப்பிள்ளை: நிக்குது.

மாமனார்: இப்ப டீகம்ப்ரஸரைப் புடிச்சுகிட்டு இன்னும் ஒரே ஒரு துளி... துளின்னு சொன்னேன், நீங்க கீழ வரைக்கும் போயிட்டீங்க. மறுபடியும் முதல்லேருந்து.

மாப்பிள்ளை: துளின்னா எவ்ளோன்னு எப்படி மாமா தெரியும்?

மாமனார்: சிலிண்டர் ஹெட்ல வலது பக்கம் சின்னதா கண்ணாடி ஜன்னல் இருக்கு பாருங்க, அதுல குறி வந்து நின்னா சரியான இடம்.

மாப்பிள்ளை: அய்யோ, அது ஆயில் பாக்குற கண்ணாடின்னு நெனச்சு, ஆயிலே தெரியலையேன்னு நேத்து டப்பாவைத் தூக்கிட்டு ஊத்தவே போயிட்டேன், கவிதாதான் கையைப் புடிச்சு இழுத்தா.

மாமனார்: என் பொண்ணு.

மாப்பிள்ளை: குறி வந்துடுச்சு மாமா! உதைக்கட்டா?

மாமனார்: இருங்க இருங்க. டீகம்ப்ரஸரை விடுங்க, கிக்கரை முழுசா மேல வர விடுங்க, அப்பதான் முழு உதையும் கெடைக்கும். இப்ப பிஸ்டன் உச்சியைத் தாண்டி நிக்குது, அடுத்த கம்ப்ரஷன் வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட ரெண்டு சுத்து இருக்கு, அதுக்குள்ள ஃப்ளைவீல், அதான் இன்ஜின் உள்ள சுத்துற கனமான சக்கரம், வேகம் புடிச்சுடும், மிச்சத்தை அது பாத்துக்கும். ஆக்ஸிலரேட்டர்ல கையே வைக்கக்கூடாது. செருப்போடவா நிக்கிறீங்க?

மாப்பிள்ளை: ஏன் மாமா, கோயிலா இது?

மாமனார்: ஷூ போடுங்க மாப்பிள்ளை! பயந்துகிட்டு அரை உதை உதைச்சீங்கன்னு வைங்க, ஸ்பார்க் பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே விழுந்துடும், வேகம் இருந்தா பிஸ்டன் தாண்டிப் போயிடும், இல்லன்னா அந்த வெடி பிஸ்டனை வந்த வழியே திருப்பி அனுப்பும், கிக்கரும் கூடவே திரும்பும், அது மேல இருக்குற காலும் திரும்பும்.

மாப்பிள்ளை: கால் திரும்பும்னா... எந்தப் பக்கம்?

மாமனார்: அதைப் பாத்து சொல்ல டாக்டர் இருக்காரு. ஷூவைப் போடுங்க.

மாப்பிள்ளை: கல்யாணத்துக்கு நீங்க எடுத்துக் குடுத்த ஷூதான் இருக்கு.

மாமனார்: அது வேணாம், அந்த ஷூவோட அடிப்பாகத்தைப் பத்தி எனக்குத் தெரியும். வேற ஏதாவது போடுங்க.

(மாப்பிள்ளை பக்கத்து வீட்டுல கம் பூட் இரவல் வாங்கிட்டு வர்றாரு, ரெண்டு சைஸ் பெருசு. குறி பாத்தாரு, சாமி கும்பிட்டாரு, முழங்காலை லேசா மடக்கி ஒரே மூச்சுல அடி வரைக்கும் உதைச்சாரு. தட்... தட்... தட்தட்தட்னு வண்டி புடிச்சுகிச்சு. பூட்ஸ் ஒண்ணு மட்டும் கிக்கரோட போயிடுச்சு.)

மாப்பிள்ளை: மாமா! ஒரே உதை!

மாமனார்: நல்லாதான் உதைச்சீங்க, ஆனா ஸ்டைல் பத்தல. ஆஃப் பண்ணுங்க, நான் காட்டுறேன்.

மாப்பிள்ளை: ஓடுற வண்டியை எதுக்கு மாமா...

மாமனார்: ஆஃப் பண்ணுங்கன்னேன்.

(ஆஃப் ஆச்சு. மாமனார் வேட்டியை மடிச்சுக் கட்டி, ஜன்னல்ல குறி பாத்து, கெத்தா ஒரு உதை. சத்தமே இல்ல. இன்னொண்ணு, இன்னும் நாலு. பெட்ரோல் வாடை தெரு முழுக்க.)

மாப்பிள்ளை: மாமா, சோக் ஆன்லயே இருக்கு. பெட்ரோலைக் கூட்டிக் குடுக்குற சோக்கை ஆறின இன்ஜினுக்குத்தானே போடணும், சூடான இன்ஜினுக்குப் போடலாமா?

மாமனார்: சோக்கை யாரு ஆஃப் பண்ணாம விட்டது?

மாப்பிள்ளை: ஆஃப் பண்ணுங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே.

மாமனார்: எல்லாத்தையும் நான்தான் சொல்லணுமா! சரி, ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு. சோக்கை ஆஃப் பண்ணி, ஸ்விட்சை ஆஃப்ல வச்சு, டீகம்ப்ரஸரைப் புடிச்சு, ஆக்ஸிலரேட்டரை முழுசா முறுக்கி அஞ்சாறு தடவை சும்மா மிதிச்சா பெட்ரோல் எல்லாம் வெளிய போயிடும்.

மாப்பிள்ளை: ஆக்ஸிலரேட்டர்ல கையே வைக்கக்கூடாதுன்னீங்க?

மாமனார்: அது வேற நிலைமை, இது வேற நிலைமை. (மிதிக்கிறார். மூச்சு வாங்குகிறார்.) தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும் போல. ஃபர்ஸ்ட் கியர்ல விட்டா பின் சக்கரம் உருளாது, அப்படியே தேய்ச்சுகிட்டு வரும், செகண்ட்ல போட்டு டீகம்ப்ரஸரைப் புடிச்சுகிட்டே ஓட விட்டு, வேகம் வந்ததும் விடணும். அந்த டைமிங் எனக்குத்தான் தெரியும், அதனால நான் உக்காருறேன், நீங்க தள்ளுங்க.

மாப்பிள்ளை: வீட்டுக்கு வந்தா மட்டும் 'மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன்'னு சொல்வீங்களே மாமா?

மாமனார்: அது சேர்லங்க.