குறையும் நீருக்குக் கடல்நீரை ஊற்றாதீர்கள்

வீட்டில் உயிர்ப்பவளம் வளர்க்கும் தொட்டியில் நீர் குறைந்தால் குளச்சல் கடல்நீரை மொண்டு நிரப்பலாம் என்கிறது பவள வளர்ப்பு பற்றி இங்கே வந்த கட்டுரை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் தினமும் 3 லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். அதைக் கடல்நீரால் ஈடுகட்டினால் நாளொன்றுக்கு 105 கிராம் உப்பு கூடும். லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது ஒரே வாரத்தில் 42ஐத் தாண்டும். பவளம் சுருங்கி, திசு உரிந்து செத்துவிடும். உப்பை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் வெக்கைக்கு மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்விப்பவர்கள் காலை, மாலை இருவேளையும் ஊற்றுங்கள், அங்கே ஆவியாதல் அதிகம்.

தொட்டியின் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் மாற்றுவதற்குக் கடல்நீர் எடுக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் தேங்காப்பட்டணம், மணக்குடி பொழிமுகங்கள் பக்கம் வேண்டாம், ஆற்றுநீர் கலந்திருக்கும். உப்பின் அளவை அறிய உதவும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 காட்டினால் மட்டும் ஊற்றுங்கள். அடியில் பரப்ப அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் வாங்குங்கள். மணவாளக்குறிச்சி கருமணல் வேண்டாம், அதில் இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்கள் இருக்கின்றன.

கரையில் ஒதுங்கும் பவளத்தைச் சேகரிக்கலாம் என்று கட்டுரையில் உள்ள வரியை ஆசிரியர் உடனே நீக்க வேண்டும். கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த துண்டை எடுத்தாலும் குற்றம்தான்.