அப்பத்தாவின் தாயமும் லூடோ கிங்கும்

போனில் ஆடுகிற ஆட்டமெல்லாம் ஒரு பண்பாடா என்று நண்பர் கேட்டார். செட்டிநாட்டுப் பண்பாடு என்று நான் லூடோ கிங்கைச் சொல்லியிருந்தேன், போனில் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. அவர் கண்டாங்கிச் சேலையையும் கொட்டான் என்கிற ஓலைக்கூடையையும் காட்டி, இதுதான் செட்டிநாடு என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அந்த ஆட்டம் வந்தது 2016இல். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது 2020 ஊரடங்கில். கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தாவும் நானும் மட்டும். சித்தப்பா பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். விளக்கு வைத்ததும் நாங்கள் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், தூணோரம் உட்கார்ந்துகொள்ள, அவரவர் போனில் நாலு பேரும் ஆடுவோம். லூடோவில் காய் இறக்க ஆறு விழ வேண்டும். ஆறு விழுந்தால் அப்பத்தா, “தாயம் போட்டாச்சு!” என்பார். காய் வீடு சேர்ந்தால் “பழம்!”

மூன்றாம் நாள் பெரிய சண்டை. “ஏப்பா, ஒரு வெட்டுகூட இல்லாம எப்புடி உள்ள போவ?” என்று சிங்கப்பூர்க்காரனைப் பிடித்துக்கொண்டார். தாயத்தில் எதிராளி காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்கு வழி. லூடோவில் பொதுவாக அப்படிக் கிடையாது. கடைசியில் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள்: வெட்டாமல் பழம் எடுத்தால் அந்த ஆட்டம் கணக்கில் சேராது. இன்றுவரை எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். ஆட்டத்தைச் செய்த மும்பைக்காரர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

எத்தனை கோடிப் பேர் போனில் இறக்கினார்கள் என்பதை வைத்து நான் பேசவில்லை. பப்ஜியையும்தான் ஊரே ஆடியது. 2020 செப்டம்பரில் தடை வந்ததும் எங்கள் தெருப் பையன்கள் கொஞ்ச நாள் வருத்தப்பட்டார்கள், அப்புறம் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஓர் ஆட்டத்துக்கு வீட்டுக்காரர்கள் தங்கள் பேச்சையும் விதியையும் கொடுத்துவிட்டால் அது அந்த வீட்டுடையது. எனக்கு அதுதான் பண்பாடு.

வெளியிலிருந்து வந்தது என்கிறீர்களா? லூடோவே பச்சீசி என்கிற நம் பழைய ஆட்டத்திலிருந்து பிறந்தது. 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். அதை விடுங்கள், வீட்டையே பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு. தரை இத்தாலிச் சலவைக்கல். நிலைக்கண்ணாடி பெல்ஜியம். கப்பலில் வந்து இறங்கிய இவற்றைத்தானே செட்டிநாட்டு வீடு என்று வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டுகிறோம்?

ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பித்தளைக் கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து உருட்டும் அந்தச் சத்தம் போனில் வராது. அப்பத்தா அதற்கும் வழி வைத்திருக்கிறார். இடது கையில் தன் பழைய தாயக்கட்டைகளை உருட்டிக்கொண்டேதான் வலது கை விரலால் திரையைத் தொடுவார். கிலுகிலுவென்று அது கேட்டதும் சிங்கப்பூரிலிருந்து குரல் வரும்: “அப்பத்தா முறை வந்திருச்சு!”