நான் பொழுதுபோக்கவில்லை

அந்த ஆடியோ உங்களில் பல பேருக்கு வந்திருக்கும். அனுப்பியவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். "முகூர்த்தம் இல்ல, பொழுது போகல, தவில்காரர் கஞ்சிராவைத் தட்டிக்கிட்டு இருக்கார்." அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. இரண்டு நாளாக அந்தச் சிரிப்புதான் காதில் கிடக்கிறது.

பொழுது போகாமல் இல்லை அண்ணே. ஆடியில் கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் வேலை நாலு வந்தது, போய் வாசித்துவிட்டு வந்தேன். மற்ற நாளெல்லாம் காலை 5 மணிக்குக் கஞ்சிராவோடு, ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிக்கிற அந்தச் சின்னத் தோல் வாத்தியத்தோடு, மொட்டை மாடியில் உட்காருகிறேன். வைகாசியில் எனக்கு ஏது அந்த நேரம்? ஓய்வு கிடைக்கிற மாசத்தில்தானே கற்றுக்கொள்ள முடியும்?

22 வருஷமாகத் தவில் வாசிக்கப் பூவரசங்கழி பிடித்த இடது கை இது. இப்போது அதே கை கஞ்சிராவைத் தாங்கி, விரல் நுனியால் தோலை அழுத்திக் கும்கி என்கிற குழைவான நாதத்தைக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் நாதம் செத்துவிடுகிறது. வலது கைக்கோ தவிலுக்காக விரல்களில் மாட்டுகிற கூடு போட்டே பழக்கம். வெறும் விரலால் வாசித்து ஆள்காட்டி விரல் வெடித்து, 3 நாள் சோறு பிசைய முடியவில்லை. தோலில் தண்ணீர் தடவினால் சுருதி இறங்கும். வெயில் வந்தால் ஏறிவிடும். மறுபடி தண்ணீர். இதுவா பொழுதுபோக்கு?

"தவில் போதாதா?" என்பீர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டும் வாசித்தவர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையும் அப்படித்தான். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையே ஒரு தவில்காரரிடம் லயம் கற்றவர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களோடு என்னைச் சேர்த்துப் பேசவில்லை. இது புதுசாக நான் செய்கிற தப்பு இல்லை என்கிறேன்.

"விரல் பதம் கெட்டுடும்டா" என்றது என் மாமா, எனக்குத் தொழில் கொடுத்தவர். அதில் நியாயம் உண்டு. அதனால்தான் சாயங்காலம் கூடு போட்டுத் தவில் சாதகமும் விடாமல் செய்கிறேன். கஞ்சிராவில் போட்டிருப்பது உடும்புத்தோலா என்று கேட்டவருக்கு: இல்லை, ஆட்டுத்தோல். 1972 வனவிலங்குச் சட்டம் உடும்பைப் பாதுகாக்கிறது என்று எனக்கும் தெரியும். கடையில் கேட்டு, பார்த்துத்தான் வாங்கினேன்.

எனக்கு வலித்தது "தட்டிக்கிட்டு" என்ற சொல். ஐயர் கையைக் காட்டினால் கெட்டிமேளம்; வாசித்துக்கொண்டிருந்த மிஸ்ர சாபு தாளம் பாதியில் நிற்கும். மங்கல காரியம், அதில் எனக்குக் குறையே இல்லை. முடிந்து பந்திக்குப் போனால் "மேளம் அடிக்கிறவங்கல்லாம் கடைசியில உட்காருங்க" என்பார்கள். போன வைகாசியில் அதைக் கேட்டபோது என் மகள் பக்கத்தில் நின்றாள். 9 வயசு. "அப்பா, நீ வாசிக்கிறேன்னுதானே சொன்ன?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

இந்த ஆடியோ நம் தொழில்காரர் வாயிலிருந்தே வந்ததுதான் தாங்கவில்லை.

இப்போது மாடியில் அவள்தான் எனக்குத் தாளம் போடுகிறாள். ஐந்து ஐந்தாக எண்ணுகிற கண்ட நடை, வேகமான மேல்காலத்தில் இன்னும் பிடிபடவில்லை, நழுவினால் உடனே கையை நிறுத்திவிடுகிறாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. சிரித்த அண்ணன் ஒரு நாள் காலையில் வந்து உட்கார்ந்து கேட்கட்டும். வீட்டுக்கு வழி அவருக்குத் தெரியும்.